முன்னூற்றுப் பன்னிரண்டு பேரும் திருப்தி

டினுபா, கலிபோர்னியா
14 அக்டோபர் 2009

அன்புள்ள எர்லிந்தா,

அன்றைக்கு நீதிமன்றத்தில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு எவளாவது நானும் அங்கே இருந்தேன் என்று உன்னிடம் கதை விடக்கூடாது. நீதிபதி. அவருக்கு ஜலதோஷம், பேச்சை விட மூக்குச் சிந்தல் அதிகம். அவருக்குக் கீழே உட்கார்ந்து டைப் அடித்த பெண். இடுப்பில் துப்பாக்கி வைத்த போலீஸ்காரர், பாதி நேரம் தூங்கினார். கம்பெனி வக்கீல்கள் இரண்டு பேர், ஒரு ஆண், ஒரு பெண். நமக்காக மொழிபெயர்க்க ஒரு ஆள். நம் பக்கத்தில் நான், நியேவெஸ், சாயோ. அவ்வளவுதான். முன்னூற்றுப் பன்னிரண்டு பேரில் மூன்று பேர். கடைசி பெஞ்சில், இல்லாதவர்களுக்கு இலவசமாக வழக்காடுகிற அலுவலகத்திலிருந்து ஷியோங் என்று ஒரு ஹ்மோங் இனத்துப் பெண், அவளும் வக்கீல்தான். நம் வக்கீல் ரூவேலாஸ், உன் பேரனின் ஞானத் தகப்பன், உன் கொம்பாத்ரே, நாற்பது நிமிஷம் கழித்து வந்தார். அவரையும் சேர்த்துக்கொள்.

நீ இல்லை. வழக்கே உன் பெயரில் இருக்கிறது, ஆனால் நீ அங்கே உன் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாய். தொண்ணூற்றொரு வயது அம்மாவைப் பார்க்கப் போனவளைக் குற்றம் சொல்ல நான் ஆளில்லை. அம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ அழுவாய், அட்டையில் காசு தீரும்வரை நான் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதனால் எழுதுகிறேன். என் எழுத்து எப்படி என்று உனக்குத் தெரியும், மூன்றாம் வகுப்பு எழுத்து. பொறுத்துக்கொள்.

நம் வழக்கு போய்விட்டது எர்லிந்தா.

தோற்கவில்லை. தோற்றால்கூட ஒரு மரியாதை உண்டு. கலைத்துவிட்டார்கள். ஒரு கையால் பீச் பழத்தைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு இன்னொரு கையால் தோர்த்தியா ரொட்டியைக் கடித்தோமே, பழம் வரும் பெல்ட் ஒரு நாளும் நிற்காமல் ஓடியதே, பழத்து ரோமம் கழுத்தில் அரிக்க அரிக்க நின்றுகொண்டே விழுங்கினோமே, சட்டப்படி கம்பெனி தர வேண்டிய, நாம் உட்கார்ந்து தின்னாத அந்த அரைமணி நேரங்களுக்காகத்தான் ஐந்து வருஷம் காத்திருந்தோம். எல்லாருக்கும் சேர்த்து ஒரே வழக்கு என்று இதே நீதிபதிதான் இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒப்புக்கொண்டார். இப்போது அவரே இல்லை என்றுவிட்டார்.

நடந்ததைச் சொல்கிறேன். ரூவேலாஸ் மூச்சு வாங்க வந்து நின்றார். அதே மஞ்சள் டை, அதே கறை. நீதிபதி கேட்டார்:

"கூட்டு வழக்கைக் கலைக்கணும்னு அவங்க மனு கொடுத்து ஆறு வாரம் ஆச்சு. உங்க பதில் எங்க?"

"என் ஆபீஸ் பொண்ணுக்கு ஆபரேஷன், கனம் நீதிபதி அவர்களே."

"போன தடவையும் அதே பொண்ணுக்குத்தானே ஆபரேஷன்?"

"இது வேற இடத்துல."

சாயோ என் காதில் சொன்னாள், "அந்தப் பொண்ணுகிட்ட அறுக்கறதுக்கு இன்னும் என்னடி பாக்கி இருக்கு?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் சிரித்தேன். அந்தப் பாவமும் என் கணக்கில் இருக்கட்டும்.

பிறகு கம்பெனிக்காரி எழுந்து ஒவ்வொன்றாக அடுக்கினாள். நம் எல்லாருக்கும் தபாலில் போயிருக்க வேண்டிய அறிவிப்புக் கடிதம் நூற்றுத் தொண்ணூறு திரும்பி வந்ததாம், மறுபடி ஒரு விலாசம்கூடத் தேடவில்லையாம். நேரக் கணக்கு பார்த்துச் சொல்ல ஒரு நிபுணரை வைத்திருக்க வேண்டுமாம், வைக்கவில்லையாம். பெல்ட் ஓடிய பதிவேடுகளைக் கேட்டு வாங்க வேண்டிய கெடு போன வருஷமே தாண்டிவிட்டதாம். ஏதோ பழைய வாக்குமூலமெல்லாம் படித்தாள். அதை விடு.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் மூன்று பேரையும் பார்த்துச் சொன்னார். மொழிபெயர்க்கிறவர் நமக்குச் சொன்னது இது: "இந்தப் பெண்களோட வழக்கு நியாயமா இருக்கலாம். இல்லைன்னு நான் சொல்லல. ஆனா இப்படிப்பட்ட வக்கீல் கையில முன்னூறு பேரை விட்டா, அவர் தோத்தா முன்னூறு பேரும் சேர்ந்து தோத்துடுவாங்க. அவங்களைக் காப்பாத்தத்தான் இதைக் கலைக்கிறேன்."

காப்பாற்றுகிறாராம். வீடு ஒழுகுகிறது என்று கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு, இனி ஒழுகாது, பத்திரமாகப் போங்கள் என்று சொன்ன மாதிரி இருந்தது.

வேறு யாராவது இந்த வழக்கை எடுப்பார்களா என்று நீதிபதி கடைசி பெஞ்சைப் பார்த்துக் கேட்டார் போலிருக்கிறது. அந்த ஷியோங் எழுந்து இங்கிலீஷில் ஏதோ இரண்டு வாக்கியம் சொல்லி உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து நம் மொழிபெயர்க்கிறவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. நீதிபதி தலையை மட்டும் ஆட்டினார்.

வெளியே படியில் ரூவேலாஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலைப்படாதீங்க செனோரா கூக்கா, அப்பீல் இருக்கு" என்றார். "எத்தனை நாளுக்குள்ள போடணும்?" என்று கேட்டேன். "அதைப் பார்க்கணும்" என்றார்.

வழக்கு முடிந்ததும் வேலையை விட்டுவிடுகிறேன் என்று என் இரண்டு முழங்காலுக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். இப்போது அதுகளிடம் என்ன சொல்வது? நீ வழக்குக்குப் பெயர் கொடுத்தவள். நான் என்ன செய்யட்டும் என்று எழுது.

உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்,
கூக்கா


பூரேபெரோ, மிச்சோவாகான்
2 நவம்பர் 2009

என் பிரியமான கூக்கா,

நீயும் உன் பிள்ளைகளும் பதினொரு பேரப்பிள்ளைகளும் ஆண்டவர் கிருபையில் சுகமாக இருக்க வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். இன்று இறந்தவர்கள் நாள். விடியும்போதே போய் அப்பா கல்லறையைக் கழுவிச் செண்டுமல்லி போட்டு வந்தேன். ஊர் முழுக்க அந்த வாசனைதான். அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிகிறது, தெரியவில்லை. "யாரும்மா நீ?" என்று கேட்கிறாள். "எர்லிந்தா" என்றால், "அவ வடக்க போயிட்டாளே" என்கிறாள். உன் வணக்கத்தைச் சொன்னேன். உன்னை மட்டும் நினைவிருக்கிறது அவளுக்கு, அந்தச் சண்டைக்காரியா என்று கேட்டாள்.

உன் கடிதம் படித்து அழுதேன். போனில் அழுதால் உனக்குக் காசு போகும் என்றாய், தனியாக அழுதேன்.

கொம்பாத்ரேயும் எனக்குப் போன் செய்தார். "கொமாத்ரே, என்னை மன்னிச்சிடுங்க, என்னை மன்னிச்சிடுங்க" என்று சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினார். அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல நான் விடமாட்டேன் கூக்கா. என் தோன்யோவைக் குடியேற்றத் துறைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனபோது ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் காரை எடுத்துக்கொண்டு ஓடியவர் அவர். ஒரு காசு வாங்கவில்லை. என் மகன் இன்று வீட்டில் சாப்பிடுகிறான் என்றால் அவரால். அதற்காகத்தான் பேரனை அவர் கையில் கொடுத்து ஞானத் தகப்பன் ஆக்கினேன். நானூறு பேருடைய தொல்லையைத் தலையில் வைத்திருக்கிற மனுஷன். ஒரு தாள் இரண்டு தாள் விட்டுப்போயிருக்கும்.

நீ எழுதாமல் விட்ட ஒன்றை அவர் சொன்னார். கம்பெனிக்காரி படித்த பழைய வாக்குமூலம் உன்னுடையதாமே. தினமும் சாப்பாடு எடுத்தேன், ஒரு நாளும் தவறவில்லை என்று நீ சத்தியம் செய்து சொன்னாயாமே. நான் உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் எல்லாவற்றையும் அவர் தலையில் போடாதே.

உனக்கு உண்மையில் எரிவது எது என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷம் பக்கத்துப் பக்கத்தில் நின்று பழம் அடுக்கியவள் நீ. ஞானஸ்நானத்தில் ஏந்த அந்தக் குழந்தையை உன்னிடம் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன், கடைசியில் வக்கீலையும் அவர் மனைவியையும் கூப்பிட்டேன். விருந்தில் நீ மோலேக் குழம்பைத் தொடவே இல்லை. வழக்கைச் சொல்லி அந்த ஞானஸ்நானத்துக்குப் பழி தீர்க்காதே.

குளிருக்கு முழங்காலில் கம்பளி கட்டிக்கொள்.

உன்,
எர்லிந்தா


டினுபா
24 நவம்பர் 2009

எர்லிந்தா,

ஆமாம், சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்டுக்கொள்.

2006 மார்ச் எட்டாம் தேதி, புதன்கிழமை. கம்பெனி வக்கீல்களுடைய கட்டடத்தில் இரண்டாம் மாடி. மேசை மேல் கண்ணாடிக் கிண்ணத்தில் புதினா மிட்டாய். மொழிபெயர்க்க வந்தவன் அர்ஜென்டினாக்காரன், நல்ல பளபளப்பான ஷூ. நம் ஜனங்கள் பேசுகிற வார்த்தை ஒன்றிரண்டு பொறுக்கி வைத்திருந்தான், என்னைச் சந்தோஷப்படுத்த அதைப் போட்டுப் பேசினான். "தினமும் லொஞ்சே எடுத்தீங்களா, செனோரா?" என்று கேட்டான்.

கம்பெனி வக்கீல் கேட்டது சாப்பாட்டு இடைவேளையையாம். லொஞ்சே என்றால் நமக்கு என்ன? விடிகாலை நாலு மணிக்கு எழுந்து துணியில் சுற்றிக் கட்டி எடுத்துப் போகிற சாப்பாட்டு மூட்டை. அதை ஒரு நாள் எடுக்காமல் நான் பழ ஷெட்டுக்குப் போனேனா? "ஒரு நாள் தவறாம எடுத்தேன்" என்றேன். பெருமையாகச் சொன்னேன். சாப்பாடு கட்டிக்கொண்டு வராத சோம்பேறி என்று என்னை நினைத்துவிட்டார்களோ என்று ரோஷம். உருளைக்கிழங்கும் சோரிசோ இறைச்சியும், வெள்ளிக்கிழமையானால் பீன்ஸ் என்று என்ன கட்டினேன் என்பது வரைக்கும் சொன்னேன். அந்தக் கம்பெனிக்காரி சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். உட்கார்ந்து தின்றாயா, பெல்ட்டை நிறுத்தினார்களா என்று அவள் கேட்கவே இல்லை. அவள் ஏன் கேட்கிறாள்? கேட்க வேண்டியவர் நம் வக்கீல். அவர் எங்கே? வராந்தாவில் யாரோ ஒருவனுடைய கார் விபத்தைப் பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகு உள்ளே வந்து, "நல்லா போச்சா?" என்றார். "ரொம்ப நல்லா போச்சு" என்றேன்.

இன்னும் கேள். அப்படிச் சொன்னதையெல்லாம் அச்சடித்து என்னிடம் தருவார்களாம். முப்பது நாளைக்குள் படித்துப் பார்த்து, தப்பாக இருந்தால் திருத்தலாமாம். அந்தக் கட்டு ரூவேலாஸ் ஆபீசுக்கு வந்தது. அங்கேயே இருந்தது. என் கண்ணில் காட்டவில்லை. இது எனக்குப் போன சனிக்கிழமைதான் தெரியும். உன் கொம்பாத்ரே அழுதபோது இதையும் சேர்த்து அழுதாரா?

சனிக்கிழமை என்ன நடந்தது என்று சொல்கிறேன். அந்த ஷியோங் கோயிலுக்குப் பின்னாலிருக்கும் மண்டபத்துக்கு வந்தாள். நம் மொழியை நன்றாகவே பேசுகிறாள், சின்ன வயதில் அவளும் தகப்பனோடு வயலில் ஸ்ட்ராபெர்ரி பறித்தவளாம். நானும் சாயோவும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டதில் முப்பத்தொரு பேர் வந்தார்கள். அவள் சொன்னாள், இனிமேல் எல்லாருக்கும் சேர்த்து ஒரு வழக்கு கிடையாது, வேண்டுமானால் ஒவ்வொருத்தியும் தனித்தனியாகப் போடலாம், டிசம்பர் கடைசி வரை கெடு என்று.

"பேர் போடணுமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"போடணும்."

"விலாசம்?"

"அதுவும் போடணும்."

காணிக்கைத் தட்டு வருவதற்கு முன்னால் பூசையிலிருந்து நழுவுவார்களே, அந்த மாதிரி ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். பத்துப் பதினோரு பேர்தான் மிஞ்சினோம். இத்தனை வருஷம் வழக்குத் தாளில் என்ன எழுதியிருந்தது? மேலே உன் பெயர், அதற்குக் கீழே 'மற்றும் பிறர்'. அந்தப் 'பிறர்' என்ற ஒரு சொல்லுக்கு அடியில்தான் குடியேற்றத் தாள் இல்லாதவர்கள் எல்லாரும் ஒளிந்துகொண்டிருந்தார்கள். யாரும் குனிந்து பார்த்ததில்லை. இப்போது அதை எடுத்துவிட்டு, வெளியே வந்து நில்லுங்கள் என்கிறார்கள்.

நியேவெஸ் போகவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உனக்குத் தெரியும், இருபத்திரண்டு வருஷமாக அவள் ஒன்றுவிட்ட அக்காவின் பெயரில்தான் வேலை பார்க்கிறாள். என்னிடம் மெல்லக் கேட்டாள், "நான் எந்தப் பேர்ல போடறது கூக்கா? என் பேர்லயா, வேலை பார்க்கற பேர்லயா?"

கடைசியாக நான் போனேன். எனக்குத் தாள் இருக்கிறது, அதில் ரெஃபூஹியோ ஆந்த்ராதே என்று என் முழுப் பெயர் இருக்கிறது, பயம் இல்லை. அவள் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு அதை என் பக்கம் திருப்பினாள். "கூட்டமா இருந்திருந்தா இது முன்னூறு சாட்சியில ஒண்ணு, செனோரா. தனியா போனா உங்களுக்கு இருக்கற ஒரே சாட்சி நீங்கதான். நீங்க சத்தியம் பண்ணிச் சொன்னது இது." ஒரு நாள் தவறாம எடுத்தேன். அதுதான் அங்கே எழுதியிருந்தது.

அவள் இன்னொன்றும் சொன்னாள், வாய் தவறி. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே நான் முயற்சி பண்ணினேன்" என்றாள். "என்ன முயற்சி?" என்றேன். "நீதிபதியோட உத்தரவுல இருக்கு, அதை மொழிபெயர்த்து உங்களுக்குப் படிச்சுக் காட்டறேன்" என்று பேச்சை முடித்துவிட்டாள். பிறகு நீல ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மண்டபத்துப் படியில் இறங்கினாள். அவள் முதுகைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்துவிட்டது.

2007 செப்டம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை. நான் உன் வீட்டுக்குத் தையல் ஊசி வாங்க வந்தேன். குள்ளமான ஒரு பெண், கக்கத்தில் நீல ஃபைல், உன் வாசற்படியில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். நீ அடுப்பில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாய், இரண்டு பேரும் இருமினோம். "யாருடி அது?" என்று கேட்டேன். "யெகோவா சாட்சிக்காரி. புஸ்தகத்தைத் தலையில கட்டப் பார்த்தா, துரத்திட்டேன்" என்றாய். நான்கூடச் சிரித்தேன்.

அவள் எதற்கு வந்தாள், எர்லிந்தா? ஞானஸ்நானத்தைப் பற்றி எழுதாதே. மோலேயைப் பற்றி எழுதாதே. இதற்கு மட்டும் பதில் எழுது.

கூக்கா


பூரேபெரோ
13 டிசம்பர் 2009

கூக்கா, என் கண்ணே,

உன் கடிதத்தைத் தலையணைக்கடியில் ஐந்து நாள் வைத்திருந்தேன். அம்மாவுக்குப் போன வாரம் நன்மை கொடுத்து, சாகப் போகிறவர்களுக்குப் பூசும் எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார் பாதிரியார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பொய் எழுத முடியவில்லை.

வந்தாள். அந்தப் பெண்தான். ரூவேலாஸ் கெடுக்களைத் தவற விடுகிறார், வழக்கு ஆபத்தில் இருக்கிறது, எங்கள் அலுவலகம் எடுத்துக்கொள்ளத் தயார், நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள். அப்போது அவர்களிடம் ஆறு வக்கீல்கள் இருந்தார்கள்.

நான் என்ன செய்வேன், நீயே சொல். ஞானஸ்நானத் தொட்டியில் என் பேரனைத் தாங்கிய கை அது. கொம்பாத்ரே என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? சொந்த அண்ணனோடு சண்டை போடலாம், கொம்பாத்ரேயைப் பார்த்து ஒரு சொல் குறைத்துச் சொன்னால் குழந்தைக்கு ஆகாது. அப்படிப்பட்டவருக்கு, இனி நீங்கள் வேண்டாம் என்று நான் கடிதம் எழுதுவதா? என் கையால்?

அந்தப் பெண் போகாமல் நின்றாள். "மத்தப் பெண்களையும் கேட்டுட்டுச் சொல்லுங்க, செனோரா" என்றாள். உங்களைக் கேட்டால் நீங்கள் எல்லாரும் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால், கேட்டாகிவிட்டது, எல்லாரும் அவரிடம் திருப்தியாக இருக்கிறோம் என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது. அவள் அதை ஒரு தாளில் எழுதினாள், நான் கையெழுத்துப் போட்டேன். அவள் இறங்கிப் போகும்போது நீ வந்தாய்.

அன்றிலிருந்து அந்தச் செவ்வாய்க்கிழமை என் நெஞ்சில் கிடக்கிறது. வழக்கு ஜெயித்துவிடும், யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டே இருந்தேன்.

கூக்கா, கேள். தோன்யோ மனைவிக்குப் பிப்ரவரியில் குழந்தை. பெண் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களிடம் பேசிவிட்டேன். அந்தக் குழந்தையை நீதான் ஏந்த வேண்டும். வெள்ளைச் சட்டையை இங்கே தைக்கக் கொடுத்திருக்கிறேன். ஈஸ்டருக்கு நான் வந்துவிடுவேன். அதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் ஞான உறவில் கொமாத்ரேக்கள், நமக்குள் எந்தக் கசப்பும் இருக்கக்கூடாது. முதலிலேயே செய்திருக்க வேண்டியதை இப்போது செய்கிறேன். வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

உன் எர்லிந்தா


டினுபா
11 ஜனவரி 2010

செனோரா எர்லிந்தா,

உங்கள் அம்மாவுக்கு எண்ணெய் பூசினார்கள் என்று படித்ததிலிருந்து தினமும் ஜெபமாலையில் ஒரு பத்து அவருக்காகச் சொல்கிறேன். அது வேறு, இது வேறு.

நேற்று ஷியோங் என் சமையலறையில் உட்கார்ந்து நீதிபதியின் உத்தரவை முழுக்கப் படித்துக் காட்டினாள். பதினாறு பக்கம். பத்துப் பக்கம் ரூவேலாஸைப் பற்றியது, எந்த எந்தத் தேதியில் எதைச் செய்யவில்லை என்று. கேட்கும்போது அந்த மனுஷனுக்காகவே வெட்கமாக இருந்தது. பதினோராம் பக்கத்தில் உங்கள் பெயர் வருகிறது. வேறு வக்கீல் முன்வந்தபோது பிரதிநிதி மறுத்திருக்கிறார் என்று எழுதி, நீங்கள் கையெழுத்துப் போட்ட வரியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்: 'முன்னூற்றுப் பன்னிரண்டு பேரும் எங்கள் வக்கீலிடம் திருப்தியாக இருக்கிறோம்.' வக்கீலோடு ஞான உறவு வைத்திருக்கிற ஒருவர் அவரைக் கண்காணிக்க முடியாது என்றும் எழுதியிருக்கிறார். வழக்குக்கு நாள் குறித்தாயிற்று, இந்த நேரத்தில் இத்தனை பேரை ஏற்க யாரும் இல்லை, ஆகவே கலைக்கிறேன் என்று முடிக்கிறார்.

"படிச்சது போதுமா?" என்று ஷியோங் கேட்டாள். அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னேன். நீதிமன்றத்தில் அவள் எழுந்து சொன்ன இரண்டு வாக்கியம் என்ன என்றும் கேட்டேன். "ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்திருப்போம். இப்ப எங்க ஆபீஸ்ல நாலு பேரை நிறுத்திட்டாங்க, முடியாது." அதுதான் சொன்னாளாம்.

கெடு முடிந்துவிட்டது. முன்னூற்றுப் பன்னிரண்டில் ஒன்பது பேர் தனியாக வழக்குப் போட்டிருக்கிறார்கள். நியேவெஸ் போடவில்லை. சாயோ போட்டாள், மறு வாரம் பயந்து வாபஸ் வாங்கிவிட்டாள். நான் போடவில்லை. போட்டால் அந்தக் கம்பெனிக்காரி என் வாயாலேயே என்னை அடிப்பாள், நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மே மாதம் ஷெட் திறக்கும். பெல்ட்டை வேகமாக்கியிருக்கிறார்களாம். அறுபத்தெட்டு வயதில் போய் நிற்பேன். நிற்காமல் என்ன செய்வது, எனக்கு வேறு வழி யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

ரூவேலாஸ் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்தார். இனிப்பு ரொட்டிப் பெட்டியோடு வாசலில் நின்றார். வக்கீல் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம், ஆபீஸை மூடப் போகிறாராம். உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. ரொட்டியை வாங்கிக்கொண்டேன். அவர் மேல் எனக்கு இப்போது கோபம்கூட வரமாட்டேன் என்கிறது. முடியாது என்று யாரிடமும் சொல்லத் தெரியாமல் ஊரார் வழக்கையெல்லாம் வாங்கி மேசைக்குள் போட்டு வைத்த மனுஷன். கையாலாகாதவரை மன்னிக்கப் பெரிய மனது வேண்டாம்.

இப்போது குழந்தை விஷயம்.

அந்த முதல் குழந்தைக்காக நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். சட்டையும் தொப்பியும் வாங்கி வைத்திருந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. எரிச்சல் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன், நாலு வருஷம் இருந்தது. உங்கள் கடிதத்தில் அந்த வரியைப் படித்தபோது, எவ்வளவு கோபத்திலும், என் கைகள் இரண்டும் தானாக மடியில் விரிந்தன. பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஏந்த மாட்டேன். ஏந்திய மறுநாளிலிருந்து நீங்கள் எனக்குக் கொமாத்ரே. அதற்குப் பிறகு ஒரு சொல் குறைத்துப் பேசக்கூடாது, நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நியேவெஸ் என் எதிரே நின்று பழம் அடுக்கிக்கொண்டு, "இதெல்லாம் எப்படிப் போச்சு கூக்கா?" என்று கேட்பாள். அப்போது நான் என்ன சொல்வேன்? யெகோவா சாட்சிக்காரி வந்தாள் என்பேன். நீங்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும். நல்ல எண்ணத்தோடுதான் அன்றைக்கும் கையெழுத்துப் போட்டீர்கள்.

அவருக்கு நீங்கள் கடன்பட்டவராக இருந்தால், உங்கள் அரைமணி நேரத்தை அவருக்குக் கொடுத்திருக்கலாம். உங்களுடையது, கொடுங்கள், யார் கேட்கப் போகிறார்கள். என்னுடையதைக் கொடுத்தீர்கள். நியேவெஸுடையதைக் கொடுத்தீர்கள். அவளைத் திருப்தியா என்று கேட்க உங்கள் வீட்டிலிருந்து நான்கு வாசல் நடக்க வேண்டும். நான் அன்றைக்கு ஊசிக்காக உங்கள் வாசலுக்கே வந்து நின்றேன். என்னைக் கேட்டிருக்கலாம்.

குழந்தைக்கு வேறு நல்லவர்களாகப் பாருங்கள். இதற்குப் பதில் எழுத வேண்டாம், வந்தால் பிரிக்க மாட்டேன்.

ரெஃபூஹியோ ஆந்த்ராதே

கையெழுத்துப் போட்ட பிறகு இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். பெல்ட்டை நிறுத்த மாட்டேன் என்ற மேஸ்திரியை மன்னித்தேன், அவன் செத்துவிட்டான். அந்த அர்ஜென்டினாக்காரனை மன்னித்தேன், என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் அந்த வார்த்தையைச் சொன்னான். நீதிபதியையும்கூட. என் சாவுக் கட்டிலுக்குப் பாதிரியார் வந்து குனிந்து, எல்லாரையும் மன்னித்துவிட்டாயா மகளே என்று கேட்பார். ஒருத்தியைத் தவிர, சாமி என்பேன். யார் என்று கேட்டால் பெயரை முழுசாகச் சொல்வேன்: எர்லிந்தா மகயோன்.